பதினோரு தலைமுறைக்கு அப்பால் ஓர் அண்ணன்

நிச்சயதார்த்த மண்டபத்தில் முதல் பந்தி முடிந்து இரண்டாவது பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை பெண்ணுக்கு அண்ணன் ஆனான்.

காங்கேயத்துக்குத் தெற்கே, தாராபுரம் சாலையில் இருந்தது அந்த மண்டபம். மேடையில் வெற்றிலைத் தட்டுக்கும் பழத்தட்டுக்கும் நடுவே, குங்குமம் வைத்து மல்லிகைச் சரம் சுற்றி, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கருவி உட்கார்ந்திருந்தது. பெயர் கொடிவழி. மிதுளாவும் கவினேஷும் ஆளுக்கொரு பஞ்சுக் குச்சியை நாக்கில் தொட்டு அதனிடம் கொடுத்தார்கள். கருவி சற்று யோசித்தது. பிறகு இனிமையான பெண் குரலில், "அண்ணன், தங்கை. தந்தை வழி. பதினோராம் தலைமுறை. நல்வாழ்த்துகள்" என்றது.

வாழ்த்து எல்லா முடிவுகளுக்கும் பொதுவாகப் பதிவு செய்யப்பட்டிருந்தது.

முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள், தாங்கள் சாப்பிட்டது எந்த விசேஷத்துக்கான சாப்பாடு என்று தெரியாமல் கை கழுவிய இடத்திலேயே நின்றார்கள். சமையற்காரர் எட்டிப் பார்த்து, அப்பளம் பொரிப்பதா நிறுத்துவதா என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் பொரித்துவிட்டார்.

இந்தக் கருவி வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கென்று மாநிலம் முழுவதும் எல்லோருடைய எச்சிலையும் எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு நிறுவனம் அந்த மரபணுத் தகவலோடு பழைய பத்திரங்கள், செப்புப் பட்டயங்கள், கோயில் வரி ஏடுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பின்னி, எந்த இரண்டு பேரை நிறுத்தினாலும் ஒருவரை ஒருவர் என்ன முறை சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று சொல்கிற கருவியைச் செய்தது. ஆரம்பத்தில் அது ஒரு விளையாட்டுப் பொருள். கல்யாண வீட்டில் தோளைத் தட்டி "என்னைத் தெரியுதா" என்று கேட்கும் பெரியவரை மாமா என்பதா, சித்தப்பா என்பதா என்று விழித்தவர்களுக்கு உதவியாக இருந்தது. பிறகு ஜோதிடர்கள் அதை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். ஊர்வலம் போனவர்களே அடுத்த மாதம் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள்.

அதுவரை மிதுளாவும் கவினேஷும் பிறந்த சமூகத்தில் பெண் எடுக்க ஒரே கேள்விதான். எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம்? ஒரே கூட்டமென்றால் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை, பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். வேறு கூட்டமென்றால் மாமன் மச்சான், காபி கொண்டுவரலாம். மிதுளா கொக்குக் கூட்டம், கவினேஷ் நுணாக் கூட்டம். காபி பல முறை வந்து போயிருந்தது.

கருவி பார்க்காத கல்யாணத்துக்குச் சமூகச் சங்கத்தார் யாரும் போகக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தவர் சங்கத் தலைவர் நாச்சிமுத்து. தேங்காய் எண்ணெய் மில் முதலாளி. கவினேஷின் அப்பாவும் அவர்தான். அதனால் அந்த மேடையில் அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கருவியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் மைக்கைப் பார்த்தார். பிறகு மைக்கை எடுத்து, "ரத்தம் ரத்தந்தானுங்க. எம் பையனுக்கு ஒரு நாயம், ஊரான் பையனுக்கு ஒரு நாயம்னு நான் இருக்கமாட்டேன்" என்றார். கைதட்டினார்கள். இரண்டாம் பந்தி தொடங்கியது.

மிதுளாவின் அப்பா தெய்வசிகாமணி, நூல் மில்லில் மேலாளராக இருந்தவர், எழுந்து போய் நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரத்துக்கு முன்பு வரை அவரைச் சம்பந்தி என்று கூப்பிட்டவர், இப்போது "அண்ணா" என்றார். இருவருக்கும் கண் கலங்கியது. பெண்ணும் பையனும் என்ன ஆனார்கள் என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மிதுளா கால்நடை மருத்துவர். இரண்டு வருடத்துக்கு முன் கவினேஷ் மில்லில் வளர்க்கும் காளைக்குக் குளம்பில் காயம் என்று கூப்பிட்டபோதுதான் அறிமுகம். காயம் ஆறிய பிறகும் அவன் போன் செய்துகொண்டிருந்தான். அதிகம் பேசாதவன், சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். இவனோடு சலிக்காமல் இருக்கலாம் என்று அவளுக்கு ஒரு மத்தியானம் தோன்றியது. அதை அவனிடம் சொன்னாள்.

நிச்சயம் நின்ற மறுவாரமே ஊர் அவர்களைப் புது முறைக்குப் பழக்கத் தொடங்கியது. மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், "உங்கண்ணன் மில்லுலதானுங்க புண்ணாக்கு வாங்கறேன்" என்றார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நாச்சிமுத்து ஒருபடி மேலே போய், பிறந்த வீட்டுச் சீர் என்று ஒரு பட்டுச்சேலையைத் தன் மனைவி சுகந்தாமணியிடம் கொடுத்தனுப்பினார். சுகந்தாமணி அதிர்ந்து பேசாத பெண்மணி. சேலையை மேசையில் வைத்துவிட்டு, கொடுத்த தண்ணீரைக் குடித்தார். "கொடுக்கச் சொன்னாரு, கொடுத்துட்டேன். கட்டோணும்னு சொல்லலை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்றாள் மிதுளா. சட்டத்துக்குக் கொடிவழி தெரியாது. கவினேஷ் தலை குனிந்துகொண்டான். எல்லோரும் மனது ஒத்து நடத்தி வைத்தால்தான் தனக்குச் சாப்பாடு இறங்கும் என்றான். அவனுக்குச் சாப்பாடு இறங்க வேண்டும் என்பதற்காக அவள் இன்னொரு வழி தேடினாள். கோயம்புத்தூரில் அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே அவர்களைப் பார்த்தவள் பெனிட்டா என்ற பொறியாளர். சம்பளத்துக்காக இந்த வேலையைச் செய்கிறேன் என்பதை முகத்திலேயே எழுதி வைத்திருந்தவள். முடிவைத் திரையில் வரவழைத்துப் பார்த்தாள். பஞ்ச காலத்தில் கொக்குக் கூட்டத்து ஆள் ஒருவர் நொய்யலைத் தாண்டிப் போய் மாமனார் ஊரிலேயே தங்கிவிட்டார், அவர் பிள்ளைகளை அந்த ஊரார் நுணாக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள், கவினேஷ் அந்த வழி என்றாள்.

"அப்ப எங்க ரெண்டு பேருக்கும் எவ்வளவுதாங்க ரத்தம் ஒண்ணு?" என்று கேட்டாள் மிதுளா.

"ரோட்டுல போற யாரையாவது நிறுத்திக் கேட்டாலும் அவ்வளவுதான் இருக்கும். ஒண்ணுமே இல்லைன்னு வெச்சுக்கங்க."

மிதுளா ஒரு சந்தேகம் கேட்டாள். கவினேஷுக்குச் சொந்த அத்தை மகள் ஒருத்தி இருக்கிறாள், அவளை நிறுத்தினால் கருவி என்ன சொல்லும்? பெனிட்டா தட்டிப் பார்த்தாள். திரையில் பச்சை விளக்கு எரிந்தது. 'முறைப்பெண், உத்தமம்' என்று வந்தது. சின்னதாக நாகஸ்வரமும் ஒலித்தது.

"நான் மாட்டுக்குச் சினை ஊசி போடறப்போகூட இவ்வளவு நெருக்கத்துல போடமாட்டேன்," என்றாள் மிதுளா. "விவசாயி சண்டைக்கு வருவாரு."

பெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "ரத்தம் எவ்வளவு தூரம்னுதாங்க மெஷினுக்குத் தெரியும். யாரு அண்ணன், யாரு மச்சான்னு அதுக்குத் தெரியாது. அதை நாமதான் சொல்லிக் கொடுக்கணும். உங்க சங்கத்துல அப்பா வழின்னு கேட்டாங்க, அப்படி வெச்சுக் கொடுத்தோம். தெக்கே சில ஊர்ல அம்மா வழியாத்தான் கிளை பார்ப்பாங்க. அங்கே அப்படி வெச்சுக் கொடுத்திருக்கோம். மெஷின் ஒண்ணுதான்."

"அம்மா வழின்னு வெச்சா?"

பெனிட்டா ஒரு பொத்தானைத் தொட்டாள். மிதுளாவும் கவினேஷும் மாமன் மகளும் அத்தை மகனும் ஆனார்கள். எந்த மாமன், எந்த அத்தை என்று கேட்க ஏழு தலைமுறை பின்னால் போக வேண்டும். நாகஸ்வரம் மறுபடியும் ஒலித்தது. கவினேஷ் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். ஆனால் சங்கம் தீர்மானம் போட்டுக் கேட்டால்தான் கருவிகளில் வழியை மாற்ற முடியும், தனித்தனி ஆட்களுக்கு மாற்றித் தருவதில்லை என்றாள் பெனிட்டா.

மகனுக்காக நாச்சிமுத்து மனம் இளகினார் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு வேறு நெருக்கடி இருந்தது. கருவி வந்ததிலிருந்து வட்டாரத்தில் பாதிக் கல்யாணம் மேடையிலேயே நின்றுபோனது. ஏற்கெனவே பெண் கிடைக்காமல் முப்பத்தெட்டு, நாற்பது வயதில் பையன்கள் சங்கக் கட்டடத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அம்மாக்கள் நாச்சிமுத்துவை எங்கே பார்த்தாலும் வழிமறித்தார்கள். அடுத்த தேர்தலில் அவர் தலைவராக இருக்க முடியுமா என்பதே சந்தேகமாகிவிட்டது. ஆகவே சங்கம் கூடியது.

கூட்டத்தில் பெண்களும் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தாய் வழி என்பது ஆதிகாலத்து வழக்கம், நம் பெருமை, அம்மன் வழிபாட்டிலேயே அது இருக்கிறது என்று நாச்சிமுத்து ஒரு மணி நேரம் பேசினார். ஆறு மாதத்துக்கு முன் அதே மேடையில் தந்தை வழிக்கும் அதே அளவு ஆதாரம் காட்டியிருந்தார். ஒரு பெண் எழுந்து, அப்படியானால் தோட்டமும் தாய் வழியில் மகளுக்குத்தானே வரும் என்று கேட்டாள். கூட்டம் கொஞ்சம் சலசலத்தது. கடைசியில், கல்யாண முறைக்கு மட்டும் தாய் வழி, காடு தோட்டத்துக்கும் கோயில் மரியாதைக்கும் வழக்கம் போலத் தந்தை வழி என்று திருத்தத்தோடு தீர்மானம் நிறைவேறியது. கேட்ட பெண் உட்கார்ந்துகொண்டாள்.

மிதுளாவுக்கு இரண்டாவது நிச்சயதார்த்தம் அதே மண்டபத்தில் நடந்தது. இந்தத் தடவை சமையற்காரர் கருவி பேசிய பிறகே அடுப்பைப் பற்ற வைத்தார். முடிவு நல்லபடியாக வந்தது. "முறைமாப்பிள்ளை, முறைப்பெண். தாய் வழி. நல்வாழ்த்துகள்." நாகஸ்வரம். தெய்வசிகாமணி அண்ணனை மறுபடி சம்பந்தியாக்கிக் கட்டிப் பிடித்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாச்சிமுத்துவுக்கு மைக் கையில் இருந்தால் நிறுத்தத் தெரியாது. புது முறையைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம், பெரியவர்களே முன்னுதாரணமாக இருக்க வேண்டும், மணமக்களை ஆசீர்வதிக்கும் தம்பதி என்ற முறையில் முதலில் நானும் என் மனைவியும் பார்த்துக்கொள்கிறோம் என்றார். சுகந்தாமணி வேண்டாம் என்று தலையசைத்ததை அவர் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருடமாக அப்படித்தான். பஞ்சுக் குச்சியை அவரே வாங்கி மனைவியிடம் நீட்டினார்.

"அண்ணன், தங்கை," என்றது கருவி. "தாய் வழி. நான்காம் தலைமுறை. நல்வாழ்த்துகள்."

பின்வரிசையில் கேரம் ஆடும் பையன்களில் ஒருவன் விரல் விட்டு எண்ணி, அப்படியென்றால் கவினேஷுக்கு அவன் அம்மா அத்தை ஆகிறார் என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

நாச்சிமுத்து கருவியைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு கருவி கொண்டுவரச் சொன்னார். அதுவும் வாழ்த்தியது. யாரோ சிரிக்கத் தொடங்கி இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

சுகந்தாமணி எழுந்து நின்றார். கணவரின் கையில் இருந்த மைக்கை அவர் வாங்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

"ரத்தம் ரத்தந்தானுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க," என்றார். "பையனுக்கு ஒரு நாயம், உங்களுக்கு ஒரு நாயம் கிடையாது பாருங்க. அண்ணன் ஊட்டுல தங்கச்சி எத்தனை காலந்தான் சோறாக்கிட்டு இருக்கறது? எங்க ஊருக்குப் போறேன். சீரு செய்யறதுன்னா நல்லாச் செஞ்சு அனுப்புங்க."

கேலி செய்கிறார் என்று முதலில் நினைத்தார்கள். அன்று மாலையே வெள்ளகோவில் பக்கம் தன் பிறந்த ஊருக்கு, பூட்டிக் கிடந்த பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார். நாச்சிமுத்து கார் அனுப்பினார். கார் காலியாகத் திரும்பியது. அவரே போனார். அண்ணன் வந்திருக்கிறார் என்று சுகந்தாமணி நாற்காலி போட்டு, இலை போட்டு, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு அறிமுகப்படுத்தினார். நாச்சிமுத்து சாப்பிடாமல் வந்துவிட்டார்.

மிதுளா கவினேஷிடம், அம்மா ஏன் இப்படிச் செய்கிறார் என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. அப்பா கை நீட்டி அடித்தது கிடையாது, திட்டியது கிடையாது, நகைநட்டு எல்லாம் வாங்கிப் போட்டிருக்கிறார் என்றான். அப்பா அம்மாவிடம் என்னதான் பேசுவார் என்று கேட்டாள். அவன் வெகுநேரம் யோசித்தான். சாப்பாடு ஆச்சா என்று கேட்பார் என்றான். பிறகு, அதைக் கேட்பது அம்மாதான் என்று திருத்திக்கொண்டான்.

இதற்குள் நாச்சிமுத்துவைப் போல இன்னும் பல தம்பதிகள் வட்டாரத்தில் அண்ணன் தங்கையாகியிருந்தார்கள். ஆண்கள் கருவியைப் பரணில் போட்டார்கள், பெண்கள் எடுத்துத் துடைத்து வைத்தார்கள். சிலர் வீட்டில் தினமும் ஒரு தடவை சும்மாவாவது போட்டுக் கேட்டார்கள். மாலையில் தாமதமாக வரும் கணவனிடம், "வாங்கண்ணா" என்றார்கள். இது பொறுக்க முடியாத நிலைக்குப் போனபோது சங்கம் மறுபடி கூடியது. ஒரே தீர்மானம்தான். தந்தை வழிக்கே திரும்புவது.

பழைய கல்யாணங்களுக்குத் தந்தை வழி, புதியவற்றுக்குத் தாய் வழி என்று வைத்துக்கொள்ளலாமே என்று தெய்வசிகாமணி கேட்டுப் பார்த்தார். மகளுக்காக அவர் வாய் திறந்தது அந்த ஒரு முறைதான். இரண்டு வழியும் இருந்தால் பெண்கள் தங்களுக்கு எது வசதியோ அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பதில் வந்தது. கை தூக்கச் சொன்னார்கள்.

மிதுளா பின்னால் நின்றிருந்தாள். முன்வரிசையில் இருந்த கவினேஷின் முதுகு அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் அவன் அப்பா. ஒரு மாதத்தில் மனிதர் பாதியாகியிருந்தார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கவினேஷ் அப்பாவைப் பார்த்தான். திரும்பிப் பின்னால் பார்த்தான், மிதுளாவின் கண்ணைத் தேடிப் பிடித்தான். பிறகு கையைத் தூக்கினான். முழுதாகத் தூக்கவில்லை, காது உயரத்துக்கு. எண்ணுகிறவர் அதையும் எண்ணிக்கொண்டார்.

வாசலில் அவன் ஓடி வந்தான். அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அம்மா வீடு திரும்பிவிட்டால் எல்லாம் சரியாகும், அதன் பிறகு நமக்கு ஏதாவது வழி பார்க்கலாம் என்றான்.

"எனக்குன்னு ஒரு வழி இருந்துச்சு கவினு. பதிவு ஆபீஸ். அன்னைக்கே சொன்னேன்," என்றாள் மிதுளா. அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்கூட்டரை உதைத்தாள். அது இரண்டாவது உதையில் கிளம்பியது.

கருவிகள் தந்தை வழிக்குத் திரும்பின. நாச்சிமுத்துவும் சுகந்தாமணியும் மறுபடி கணவன் மனைவியாக இருக்கலாம் என்று கருவி சொன்னது. அந்த முடிவை நாச்சிமுத்து போனில் அனுப்பினார். சுகந்தாமணி பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பினார், வரவில்லை. இரண்டு மாடு வாங்கிவிட்டதாகவும், மாட்டை விட்டுவிட்டு வர முடியாது என்றும் சொல்லிக்கொண்டார்.

தை மாதம் கவினேஷுக்கு அத்தை மகளைப் பேசி முடித்தார்கள். கருவி உத்தமம் என்றது. அவனுக்குச் சாப்பாடு இறங்கியதா என்று தெரியவில்லை, எல்லோரும் மனது ஒத்திருந்தார்கள். ஒரே ஒரு குறைதான். அவர்கள் சமூகத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் இணைச்சீர் என்ற சடங்கைச் செய்ய வேண்டும். கவினேஷுக்கு உடன்பிறந்தவள் இல்லை. நாச்சிமுத்து சங்கத்தார் நான்கு பேரோடு மிதுளாவின் வீட்டுக்கு வந்தார். கொடிவழிப்படி தங்கை அவள்தான், சேலை எடுத்தாயிற்று, வந்து சீரை நடத்திக் கொடுக்க வேண்டும் என்று உண்மையான வாஞ்சையோடு கேட்டார். தெய்வசிகாமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிதுளா எல்லோருக்கும் காபி கொடுத்தாள். அன்றைக்கு எனக்கு டியூட்டி இருக்கிறது என்றாள்.

டியூட்டி இருக்கவும் செய்தது. கல்யாணத்தன்று விடிகாலையில் சுகந்தாமணி போன் செய்தார். மாடு கன்று ஈன முடியாமல் கிடக்கிறது, கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது என்றார். மிதுளா போய்ச் சேர்ந்தபோது அவர் கல்யாணத்துக்குக் கிளம்பிய கோலத்தில், மாம்பழ நிறப் பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். வாசலில் நாச்சிமுத்து அனுப்பிய கார் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"முகூர்த்தத்துக்கு நேரமாகலீங்களா?" என்றாள் மிதுளா.

"போவேன். எம் பையனாச்சே. இது கரை சேரட்டும்."

மிதுளா கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உள்ளே விட்டாள். மடங்கியிருந்த காலைத் தேடிப் பிடித்து நிமிர்த்த வேண்டியிருந்தது. மாடு முக்கியது. கயிற்றைக் கட்டி, ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். சுகந்தாமணியைக் கூப்பிட வாய் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"என்ன கண்ணு?"

"உங்களை எப்படிக் கூப்புடறதுன்னு தெரியலைங்க. முதல்ல அத்தைன்னு சொன்னாங்க. அப்புறம் பெரியம்மான்னாங்க. மறுபடி அத்தை. இப்ப மறுபடி பெரியம்மா."

சுகந்தாமணி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். கல்யாணத்துக்கு முன் தன் அப்பா கூப்பிட்டதுதான் கடைசி, அதற்குப் பிறகு நாச்சிமுத்து ஊட்டுக்காரி, கவினு அம்மா, இப்போது இந்த ஊரில் இன்னார் மகள் என்கிறார்கள் என்றார். அப்புறம், "பேர் சொல்லிக் கூப்புடு," என்றார்.

ஹாரன் சத்தம் மறுபடி கேட்டது. கன்றின் மூக்கு வெளியே தெரிந்தது, நாக்கு நீலம் பூத்திருந்தது. யோசிக்க நேரமில்லை.

"சுகந்தாமணி," என்றாள் மிதுளா, "அந்தக் கயித்தை நல்லா இழுத்துப் புடிங்க."

அவர் எழுந்து வந்து, பட்டுச்சேலையோடு சாணித் தரையில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார்.